சிஸ்டம் சித்தரின் தாயத்து

தென்னூரில் அந்தச் சந்துக்கு இப்போது ஆட்டோக்காரர்களே கூவி ஆள் ஏற்றுகிறார்கள். "லேப்டாப் சாமியாரா? ஏறுங்க, ஏறுங்க!" சந்து முழுக்க வரிசை. புத்தூரிலிருந்து ஒரு டாக்டர். திருவெள்ளறையிலிருந்து கார் வைத்துக்கொண்டு வந்த ஒரு குடும்பம். ஸ்ரீரங்கத்து ஜோசியர் கேசவாச்சாரிகூட வந்திருந்தார். ஊருக்கெல்லாம் ஜாதகம் கணித்துத் தள்ளும் லேப்டாப் அவருடையது; அதைப் பிடித்த கிரகம் எதுவென்றுதான் அவருக்குப் பிடிபடவில்லை. அத்தனை பேரும் படித்தவர்கள். படித்தவர்கள் என்பதால் செருப்பை மட்டும் ஒழுங்காக வரிசையில் விட்டிருந்தார்கள்.

உள்ளே சிஸ்டம் சித்தர். இடுப்பில் காவி, கழுத்தில் ருத்திராட்சம், காதில் புளூடூத். லேப்டாப்பை இயக்கும் ஓ.எஸ்.ஸைப் புதிதாகப் போட்டதும் வைஃபை காணாமல் போகிறதா? கேமரா தெரியவில்லையா? கோளாறு மிஷினில் இல்லையாம். கூடு விட்டுக் கூடு பாய்ந்த புது ஆவிக்குப் பழைய உடம்பின் கைகால் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லையாம்! அதைத் தெரிய வைக்க ஒரு மந்திரம், ஒரு தாயத்து, ஆயிரத்தொரு ரூபாய் காணிக்கை.

வரிசையில் ஜாஸ்லின் எரிச்சலோடு நின்றாள். மாலை நான்கு மணிக்கு அவளுக்கு வேலைக்கான நேர்காணல். ஒன்றரை வருடம் விண்ணப்பம் போட்டுக் கிடைத்த முதல் அழைப்பு. போனில் பேசக் கூடாது, லேப்டாப்பில்தான் வர வேண்டும் என்று கறாராகச் சொல்லியிருந்தார்கள். நேற்றுத்தான் இதே தென்னூரில் தெருமுனைக் கடையில் புது ஓ.எஸ். போட்டாள். வைஃபை போன இடம் தெரியவில்லை. கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். "மிஷின்ல ஒண்ணுமில்லம்மா. வேற என்னமோ இருக்கு. சித்தரைப் பாருங்க." அவளுடைய அப்பா அமிர்தசாமிக்கு அது போதும்.

"அப்பா, இது ஏமாத்து வேலைப்பா."

"சும்மா இரும்மா. டாக்டரே நிக்கிறாரு. உனக்கு அவரைவிட அதிகமாத் தெரியுமோ?"

டாக்டரின் முறை வந்தது. சித்தர் லேப்டாப்பைப் பட்டுத்துணியால் மூடினார். தாயத்தோடு கையைத் துணிக்குள் விட்டார். உள்ளேயிருந்து 'டொடுங்' என்று ஒரு சத்தம்.

"வந்துருச்சு! ஆவி வந்துருச்சு!"

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. எட்டு நிமிட மந்திரம். துணியை எடுத்தால் திரையில் வைஃபை! இதயத்தையே அறுத்துப் பார்த்த டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது.

ஜாஸ்லின் கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை. அந்தச் சத்தம் அவளுக்குப் பழக்கம். பென் டிரைவ் செருகினால் அவள் வீட்டிலும் இதே ஆவிதான் வரும். பக்கத்தில் நின்றவர்களை விசாரித்தாள். யார் எங்கே ஓ.எஸ். போட்டீர்கள்? அத்தனை பேருக்கும் அதே தெருமுனைக் கடை. அவள் எதிரே இருந்த மருந்துக் கடைக்குப் போனாள். காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி வாங்கி, லேப்டாப்பில் பென் டிரைவ் செருகும் மூன்று இடங்களையும் ஒட்டி அடைத்தாள்.

அவள் முறை வந்தது. சித்தரின் கை துணிக்குள் போனது. போன கை தடவிக்கொண்டே இருந்தது. 'டொடுங்' வரவில்லை.

"பொண்ணே, ஆவி வர்ற வழியை அடைச்சு வச்சிருக்கியே!"

"சுவரைத் தாண்டி வர்ற ஆவிங்க சாமி. பிளாஸ்திரி என்னங்க பண்ணும்? மந்திரம் சொல்லுங்க."

சொன்னார். இருபது நிமிடம் சொன்னார். ஏ.சி. அறையில் வியர்த்துக் கொட்டியது. வைஃபை வரவில்லை. கூட்டம் முணுமுணுத்ததும் சித்தர் கடைசி ஆயுதத்தை எடுத்தார். "தீட்டு! இந்தப் பொண்ணு மேல தீட்டு இருக்கு. வெளிய அனுப்புங்க!"

"எவளைப் பார்த்துடா தீட்டுங்கிற?" அமிர்தசாமி பாய்ந்து அந்தத் தாயத்தைப் பிடுங்கினார். மகள் சொன்னபோது வராத புத்தி, மகளைச் சொன்னபோது வந்தது. வந்தவரைக்கும் நல்லது.

ஜாஸ்லின் தாயத்தின் மூடியை இழுத்தாள். உள்ளே பென் டிரைவின் மூக்கு நீட்டிக்கொண்டிருந்தது. துணி இல்லை, மந்திரம் இல்லை. எல்லாரும் பார்க்கக் கேசவாச்சாரியின் லேப்டாப்பில் செருகினாள். 'டொடுங்'. உள்ளே டிரைவர் என்று பேர் போட்ட ஒரு புரோகிராம் இருந்தது; அதை இயக்கினாள். சற்று நேரத்தில் வைஃபை வந்து நின்றது.

"அப்போ, இதுல தோஷம் ஒண்ணுமில்லேங்கறேளா?" கேசவாச்சாரியின் குரல் இறங்கியிருந்தது.

"இல்லைங்க. வைஃபை, கேமராவையெல்லாம் ஓ.எஸ்.ஸுக்கு அறிமுகப்படுத்த ஒரு புரோகிராம் இருக்கு. டிரைவர்னு பேரு. கடைக்காரர் அதை வேணும்னே போடாம இங்க அனுப்புறாரு. இவரு துணிக்குள்ள போட்டு விடுறாரு."

கூட்டம் சித்தரின் பக்கம் திரும்பியது. பீடம் காலி. பின்கதவு ஆடிக்கொண்டிருந்தது. நாலு பேர் தெருமுனைக்கு ஓடினார்கள். கடை ஷட்டர் ஏற்கெனவே இறங்கியிருந்தது. சித்தர் காதிலிருந்த புளூடூத் வேலை செய்திருக்கிறது.

மணி மூன்று நாற்பது. ஜாஸ்லின் பீடத்தில் ஏறி உட்கார்ந்து பிளாஸ்திரியைப் பிய்த்தாள். அமிர்தசாமி கேட்காமலே தன் போனில் ஹாட்ஸ்பாட்டைப் போட்டார். அவள் திரையில் லேப்டாப்பின் பாகங்களைக் காட்டும் ஒரு பட்டியலைத் திறந்தாள். வைஃபை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மஞ்சள் முக்கோணம். பக்கத்தில் 'தெரியாத சாதனம்' என்று எழுத்து.

"இவ்வளவு நேரமும் இதுலயே எழுதியிருந்துச்சாம்மா?" என்றார் அமிர்தசாமி.

"நேத்துலேருந்தே இருக்குப்பா. யாரும் திறந்து பார்க்கல."

பென் டிரைவைச் செருகினாள். நான்கு மணிக்கு நேர்காணல் தொடங்கியது.

உயிரில்லாத மிஷின், தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று எழுதி வைத்து உதவி கேட்கிறது. ஆறறிவு படைத்தவன்தான், தெரியாத இடத்திலெல்லாம் ஒரு சித்தரை உட்கார வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறான்.