டம்ளர் அக்காவிடம் ஃபெயிலாகாத பிள்ளை

செவிலிமேட்டில் எங்கள் தெருவில் பிறந்த எந்தப் பிள்ளையும் டம்ளர் அக்காவிடம் பாஸாகாமல் நடக்கப் பழகியதில்லை. செல்போனில் குழந்தை வளர்ப்பு வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து அவராகவே எடுத்துக்கொண்ட உத்தியோகம் அது. பிள்ளைக்குப் பின்னால் பூனைபோல் போய் எவர்சில்வர் டம்ளரைத் தரையில் போடுவார். திரும்பினால் காது பாஸ். பிறகு பிஸ்கட்டைக் கிண்ணத்தால் மூடி வைப்பார். தூக்கிப் பார்த்தால் மூளை பாஸ்.

எதிர்வீட்டுப் பையன் கிண்ணத்தை விட்டுவிட்டு அக்காவின் விரலைக் கடித்துவிட்டான். ரத்தமே வந்துவிட்டது. "மறைச்ச கை எதுன்னு கரெக்டா புடிச்சிக்கினான் பாரும்மா" என்று அவனுக்கும் பாஸ் போட்டார். ஃபெயில் என்ற சொல்லே அவர் வாயில் வராது.

அப்படிப்பட்டவர் என் மகள் யாழினியிடம் வந்து மாட்டிக்கொண்டார்.

யாழினிக்கு ஒரு வயது நெருங்கியும், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டாள். காது கேட்கவில்லையோ என்று நானும் என் மனைவி செல்வியும் பயந்துகொண்டிருந்தோம். அக்கா வந்த அன்று நான் கல்யாணப் புடவை ஒன்றை முடிக்கும் அவசரத்தில் தறியை நிறுத்தவில்லை. பிறந்ததிலிருந்தே யாழினிக்குத் தறிக்குப் பக்கத்தில்தான் தூளி. அங்கேயே உட்கார்ந்து காலி நூல்கண்டை உருட்டிக்கொண்டிருந்தாள்.

டம்ளர் விழுந்தது. யாழினி திரும்பவில்லை.

"டம்ளர் சொட்டையா இருக்குதும்மா. அதான் சத்தம் வரல" என்றார் அக்கா. சொம்பைப் போட்டார். தாம்பாளத்தையும் போட்டார். நூல்கண்டு உருண்டுகொண்டே இருந்தது.

"இன்னாக்கா, பாஸ் தானே?" என்றாள் செல்வி. அக்கா தாம்பாளத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தார். அதில் துடைக்க ஒன்றுமில்லை.

எனக்குக் கை ஓடவில்லை. தறி நின்றது.

யாழினி வெடுக்கென்று திரும்பி என்னைப் பார்த்தாள்.

"ஓட்டுபா" என்றார் அக்கா. ஓட்டினேன். அவள் நூல்கண்டுக்குப் போய்விட்டாள். "நிறுத்து." மறுபடி திரும்பினாள். எத்தனை தடவை நிறுத்தியும் அதே கதைதான். கடைசியில், ஏன் விளையாடுகிறாய் என்பதுபோல் என்னைப் பார்த்து அழவே ஆரம்பித்தாள்.

அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டார். "தூளியிலேந்து தறிச்சத்தம் கேட்டு வளந்த பொண்ணுபா இது. சத்தம் நின்னாதான் இன்னாடான்னு பாக்குது. இதுங்கிட்ட வந்து நான் டம்ளர போட்டுக்கினு இருக்கறேன்." சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன அவருக்கு. "எதுக்கும் நாளைக்கு டாக்டராண்ட காட்டிடு. நான் இன்னாத்த கண்டேன்."

காது நன்றாக இருக்கிறது என்று டாக்டரும் சொன்னார். துணைக்கு வந்திருந்த அக்கா, அந்த டாக்டருக்கும் பாஸ் போட்டார்.

இப்போது அக்கா மகள் வீட்டோடு ஏனாத்தூர் போய்விட்டார். எங்கள் வீட்டில் டம்ளர் கைதவறி விழுந்தால் யாழினி உடனே திரும்பி வாசலைப் பார்க்கிறாள். நானும்தான்.