தரைத்தளத்துச் சம்பந்திக்கு மூன்றாம் மாடியிலிருந்து

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

மூன்றாம் மாடியிலிருந்து உங்கள் மகனின் மாமனார் எழுதுவது. நாங்கள் நலம். உங்கள் நலம் தினமும் ஜன்னல் வழியாகவே தெரிந்துவிடுவதால் தனியாக விசாரிக்கவில்லை. ஒரே கட்டடத்தில் இருந்துகொண்டு கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். நேரில் வந்தால் "வாங்க சம்பந்தி, உக்காருங்க" என்று காபி கொடுப்பீர்கள். காபி குடித்த வாயால் இதையெல்லாம் சொல்ல முடியாது.

நான் இந்த வீட்டுக்கு ஏன் வந்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். என் மகளும் உங்கள் மகனும் அடுத்த தெருவில், பேத்தியின் பள்ளிக்கூடம் எதிர்த் தெருவில். அவர்கள் வேலை முடிந்து வரும்வரை குழந்தை எங்களோடு இருக்கட்டும் என்று பேச்சு. புரோக்கரும், "சார், இங்க எல்லாமே நடக்கிற தூரம், செருப்பு இருந்தாப் போதும்" என்றார். ஆயுள் முழுக்க டிரைவிங் ஸ்கூல் நடத்தி, ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்த நான், அந்தப் பேச்சில் மயங்கி என் காரை விற்றேன். யாரிடம்? உங்களிடம். அதோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். சாவியைக் கொடுக்கும்போது, "அந்த ஏரியா மாதிரி வராது சம்பந்தி, பேத்தி எட்டிப் பிடிக்கிற தூரத்துல இருக்கா" என்று பீற்றிக்கொண்டேன். நீங்கள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டீர்கள். அடுத்த மாதமே எங்கள் கட்டடத்தின் தரைத்தளத்தில் உங்கள் கட்டில் வந்து இறங்குகிறது. அதை ஒரு பக்கம் பிடித்து உள்ளே தூக்கி வைத்தவனும் நான்தான். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

பள்ளி விட்டதும் குழந்தையின் கையைப் பிடித்து அழைத்து வருவது நான். பையைச் சுமப்பது நான். படிக்கட்டுக்குப் போக உங்கள் வாசலைத் தாண்டித்தான் ஆக வேண்டும். உங்கள் கதவோ சரியாக அந்த நேரத்தில் திறந்திருக்கும். உள்ளே டிவியில் பொம்மைப் படம். "கண்ணு, வெயில்ல வந்திருக்கே, ஒரு வாய் ஜூஸ் குடிச்சிட்டுப் போ" என்பார் சம்பந்தியம்மா. அந்த ஒரு வாய் ஜூஸ் இருட்டும் வரைக்கும் தீராது. லிஃப்ட் நாங்கள் குடிவந்த வாரமே படுத்துவிட்டது. வீட்டுக்காரரிடம் முறையிட்டால், "நடக்கத்தானே சார் இங்க வந்தீங்க?" என்கிறார். "தாத்தா, கால் வலிக்குது, நீ மேல போ, நான் அப்புறமா வரேன்" என்கிறாள் குழந்தை. நான் பையோடு ஏறுகிறேன். கதவைத் திறக்கும் என் மனைவி என்னைப் பார்ப்பதில்லை, எனக்குப் பின்னால் பார்க்கிறாள். "இன்னிக்கும் பை மட்டும்தானா?" என்கிறாள். அவள் நறுக்கி வைத்த ஆப்பிள் தட்டிலேயே கறுத்துப்போகிறது. வயிறு எரிகிறது சம்பந்தி, ஒளிக்காமல் சொல்கிறேன்.

சரி, முகத்தைத் திருப்பிக்கொண்டு எங்காவது போகலாம் என்றால் பால் கடையில் நீங்கள், மருந்துக் கடையில் நீங்கள், பார்க்கில் நிழல் விழும் ஒரே பெஞ்சிலும் நீங்கள். மனிதன் நிம்மதியாகக் கோபித்துக்கொள்ளக்கூட இந்தப் பகுதியில் இடமில்லை. என் காரோ உங்கள் ஜன்னலுக்கு எதிரே உறை போர்த்தி நிற்கிறது. உங்களுக்கு ஓட்ட வராது. லைசென்ஸ் வாங்கப் போய், ரிவர்ஸ் எடுத்து, சோதிக்க வந்த அதிகாரியின் ஸ்கூட்டரையே நீங்கள் சாய்த்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை. காய்கறிக்காரரிடம் சொன்னது பேச்சுவாக்கில் வந்தது.

ஆகவே இந்த மாதத்தோடு காலி செய்கிறோம். இனி நீங்களே போய்க் குழந்தையை அழைத்து வாருங்கள், பை எவ்வளவு கனம் என்பதும் தெரியட்டும். நீங்கள் மூத்தவர் என்பதால் வாழ்த்த வழியில்லை, வணங்குகிறேன். சம்பந்தியம்மாவுக்கு என் மனைவியின் அன்பு. அவள் சொல்லச் சொல்லவில்லை, முறைக்காக எழுதுகிறேன்.

இப்படிக்கு,
மேல் வீட்டில் இருந்தும் உங்களுக்குக் கீழாகிப்போன
சம்பந்தி

பின்குறிப்பு: இதை மடித்து உங்கள் கதவிடுக்கில் செருகக் கிளம்பும்போது மகள் போன் செய்தாள். அடுத்த மாதம் வீடு மாறுகிறார்களாம், நகரத்தின் மறுகோடிக்கு. அங்கேயே பள்ளிக்கூடம், சாயங்காலம் பார்த்துக்கொள்ளக் காப்பகம். "ரெண்டு தாத்தாவும் நடக்கிற தூரத்துல இருந்தா தினமும் பஞ்சாயத்துதான்ப்பா. யார் வீட்ல எவ்வளவு நேரம் இருந்தேன்னு குழந்தையையே கேக்கறீங்க. அவ அழறா" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள், "தயவுசெஞ்சு அங்க வாடகைக்கு வீடு தேடாதீங்க. மாமாகிட்டயும் சொல்லிடுங்க" என்றாள். சொல்லிவிட்டேன். மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள், நான் காலி செய்யவில்லை. அவர்கள் போகும் இடத்துக்கு நடந்தும் போக முடியாது, நேர் பஸ்ஸும் கிடையாது. கார் உங்களிடம் இருக்கிறது, ஓட்டத் தெரிந்தவன் நான். அவர்கள் போனபிறகு வரும் முதல் ஞாயிற்றுக்கிழமை சாவியோடு வாசலில் நில்லுங்கள். வழியில் பேச வேண்டாம். ஆப்பிள் நாங்கள் கொண்டுவருகிறோம், ஜூஸ் உங்கள் பொறுப்பு. எதை முதலில் கேட்கிறாள் என்று அங்கே பார்த்துக்கொள்ளலாம்.