இரண்டு சம்பந்திகளும் ஒரு கரண்டி கரித்தூளும்

அன்பும் பிடிவாதமும் நிறைந்த மருமகளுக்கு,

மாமனார் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் உன் மாமியாரும் உன் வீட்டுக்காரனும் சுகம். இங்கேயே தங்கியிருக்கும் உன் அப்பாவும் சுகமாகத்தான் இருக்கிறார் போலிருக்கிறது, நான் விசாரிக்கவில்லை. பிரசவம் வரைக்கும் கட்டிலைவிட்டு இறங்கக் கூடாது என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொல்லியும், தட்டு என்ன ஆச்சு, மீட்டர் முள் நகர்ந்ததா என்று ஓயாமல் போன் செய்து, சரியில்லை என்றால் நானே புறப்பட்டு வருகிறேன் என்று நீ மிரட்டியதால் உன் அம்மா போனைப் பிடுங்கி வைத்துவிட்டார்களாம். அதனால்தான் இந்தக் கடிதம். பழப் பைக்கு அடியில் வைத்து உன் வீட்டுக்காரனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

முதலில் நல்ல சேதி. முள் நகர்ந்தது. தட்டும் உடையவில்லை. நீ நிம்மதியாகப் படுத்திருக்கலாம். ஆனால் உன் அப்பாவைப் பற்றி நான் சொல்லியே ஆக வேண்டும்.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது உன் பட்டறையை என் கையிலும் உன் அப்பா கையிலும் ஒப்படைத்தாய். சர்க்யூட் போர்டு அடுக்குகிற தட்டில் மின்சாரம் கொஞ்சம் ஓட வேண்டும், இல்லாவிட்டால் உரசலில் சேர்கிற மின்சாரம் போர்டைக் கெடுத்துவிடும், அதற்குத்தான் பிளாஸ்டிக்கில் கரித்தூள் போடுகிறோம், அதிகம் போட்டால் தட்டு நொறுங்கும், அதனால் ஒன்றோடொன்று ஒட்டாத இரண்டு பிளாஸ்டிக்கை உருக்கிக் கலந்தால் தூள் இரண்டுக்கும் நடுவே எல்லையோரமாகப் போய் உட்கார்ந்துகொண்டு, கொஞ்சம் போட்டாலே பாதை போட்டுவிடும் என்று நீ சொன்னதை நான் நெட்டுருப் போட்டு வைத்திருக்கிறேன். ஒரு கரண்டி போதும் என்றாய். யார் போடுவது என்று மட்டும் சொல்லவில்லை.

உன் அப்பா மருந்துக்கடையில் காலம் தள்ளியவர், உப்பைக்கூட நிறுத்துத்தான் போடுவார். நான் ஆலை கேன்டீனில் ஊருக்கே சமைத்தவன், எல்லாம் கையளவுதான். முதல் நாளே, தூள் டப்பாவை நான் திறக்கிற நேரம் பார்த்து, புழுக்கமாக இருக்கிறதென்று அவர் ஜன்னலைத் திறந்தார். தூள் பறந்து பின்பக்கம் சலவைக்கடைக்காரர் காயப்போட்டிருந்த வெள்ளை விரிப்புகள் மேல் உட்கார்ந்துவிட்டது. அவர் வந்து சத்தம் போட்டபோது நான் ஜன்னலைப் பார்த்தேன், உன் அப்பா டப்பாவைப் பார்த்தார். யார் மேல் தப்பு என்று பேச்சு முற்றி, பேச்சே நின்றுபோனது.

பேச்சு நின்றால் வேலை நிற்குமா? அடுத்த நாள் நான் தண்ணீர் குடிக்கப் போன சமயம் அவர் ஒரு கரண்டி போட்டிருக்கிறார். அவர் மூக்குக்கண்ணாடி துடைக்கப் போன சமயம் நானும் ஒரு கரண்டி, கொஞ்சம் தாராளமாகவே போட்டேன். மீட்டரில் முள் துள்ளியது. இரண்டு பேரும் தனித்தனியாகப் பெருமைப்பட்டுக்கொண்டு தட்டைக் கீழே போட்டுப் பார்த்தோம். சில்லுச் சில்லாகப் போய்விட்டது. வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த உன் மாமியார், "ரெண்டு பேருமே போட்டீங்க. வாயத் தொறந்து ஒரு வார்த்தை கேட்டா முத்தா உதிர்ந்துடும்?" என்றாள்.

இன்று மறுபடி உருக்கினோம். இந்த முறை நான் பெருந்தன்மையாகக் கரண்டியைத் தொடவே இல்லை. மனுஷன் ஆசைதீர நிறுத்துப் போட்டுக்கொள்ளட்டும் என்று வெளியே போய் நின்றேன். திரும்பி வந்தால் கலவை கன்னங்கரேலென்று சுழன்றுகொண்டிருந்தது. வார்த்தோம். கீழே போட்டுப் பார்த்தோம், உடையவில்லை. முள்ளும் நீ கோடு போட்டு வைத்த இடத்தைத் தாண்டி நின்றது. உன் அப்பாவின் அளவு சரி. எனக்கு வயிற்றெரிச்சல்தான், ஆனாலும் ஒத்துக்கொள்கிறேன். இதற்காக நீ நகக்கண் எல்லாம் கருத்துப்போய் உழைத்ததைப் பார்த்தவன் நான். கண் கலங்கிவிட்டது, தூள் விழுந்துவிட்டதென்று சமாளித்தேன். வெள்ளிக்கிழமை வாங்க வருகிறவரிடம் இந்தத் தட்டையே காட்டப்போகிறோம். வேலைதான் முடிந்துவிட்டதே, உன் அப்பாவை அங்கே கூப்பிட்டுக்கொண்டால் இந்த வீட்டில் மறுபடி பேச்சுச் சத்தம் கேட்கும்.

உன் அம்மாவுக்கு என் வணக்கம். தாயும் பிள்ளையும் நல்லபடியாக வீடு வந்து சேர என் ஆசிகள்.

இப்படிக்கு,
மாமா

பி.கு.: உறையை ஒட்டப் போனவன், மனசு கேட்காமல் உன் அப்பாவிடம் போய், அளவு பிரமாதம் என்று பாராட்டினேன். அவர் என்னையே பார்த்துவிட்டு, "கலவை கறுப்பா இருந்துச்சே, நீங்க போட்டதுன்னுல்ல நான் நெனச்சேன்" என்றார். இரண்டு பேருமே போடவில்லை, அம்மா. நேற்றைய கலவையை யாரும் சுரண்டாததால் கலக்குகிற மிஷினுக்குள் ஒட்டிக்கொண்டிருந்த கரித்தூள்தான் வேலை செய்திருக்கிறது. எவ்வளவு என்று தெரியாமல் இன்னொரு தட்டை இதே மாதிரி எப்படி வார்ப்பது? ஆகையால் மேலே எழுதிய நல்ல சேதியை நம்பாதே. உன் அப்பாவையும் கூப்பிடாதே, அவர் எனக்கு இங்கே வேண்டும். நாளைக்கு இருவரும் சேர்ந்து மிஷினைச் சுரண்டிவிட்டு, வாய்விட்டுச் சொல்லியே ஒரு கரண்டி போடப்போகிறோம். சரியாக வருமா என்று தெரியாது. இதைப் படித்ததும் புறப்பட்டு வர நீ செருப்பைத் தேடுவாய் என்று மட்டும் தெரியும். உனக்கு என்ன எழுதட்டும் என்று உன் அப்பாவிடம் கேட்டேன். "தட்டு ஒடஞ்சா இன்னொண்ணு வார்த்துக்கலாம். வர்றவர் வாங்கலேன்னாலும் போகட்டும். எம்பொண்ணு படுத்தே இருக்கணும்னு எழுதுங்க, சம்பந்தி" என்றார். எனக்கும் அது ஒன்றுதான் வேண்டும். படுத்துக்கொள், அம்மா.