மொழிப் பிரிவின் தலைவர்

"ஊருக்கு ஊர் அதிகமா மாறுறது அரபா, வியட்நாமியமா? எது அதிகம் மாறுதோ அதைப் பார்க்கிறவர்தான் மொழிப் பிரிவுக்குத் தலைவர்" என்று மேலாளர் சொன்னதும் அரபு சாருக்குத் தலைகால் புரியவில்லை. அந்தக் கப்பல் கட்டும் தளத்தில் பதினோரு வருடமாக அரபுத் தொழிலாளர்கள் பேச்சை மொழிபெயர்த்துச் சொல்லும் வாய் அவர்தான். யாராவது உள்ளூர்த் தமிழில் ஆரம்பித்தாலே, "என்கிட்ட உன் பாஷையில சொல்லு" என்று அடக்கிவிடுவார். அவ்வளவு பெருமை.

வியட்நாமியருக்கு வாய், அவருடைய மனைவி. பெருமையில் அவளும் குறைந்தவள் இல்லை.

"அரபு நாடுகள்ல மேற்குக்கோடி ஆள் பேசினா கிழக்குக்கோடி ஆள் முழிப்பான். உன் பாஷையில அப்படி உண்டா?"

"வியட்நாம் நடுப்பகுதி ஆளுங்க பேசினா எனக்கே வேர்க்கும். நாற்காலிக்கு ஆசைப்படாதீங்க."

"சண்டை போடறதுக்குத் தெம்பு வேணும்ல" என்று கேன்டீன் அக்கா டீயை வைத்துவிட்டுப் போனாள்.

மேலாளர் முன்னால் சோதனை தொடங்கியது. மேற்குக்கோடி வெல்டர் பேச, கிழக்குக்கோடி கிரேன் ஓட்டுநர் முழித்தார். அரபு சாருக்கு உச்சி குளிர்ந்தது. மறுநிமிடமே இருவரும் செய்தி வாசிப்பவர்கள் மாதிரி ஏட்டு அரபுக்குத் தாவி, பிள்ளைகளின் படிப்பைப் பற்றி அளக்க ஆரம்பித்தார்கள்.

"வீட்ல பேசற மாதிரி பேசுங்கப்பா" என்று கெஞ்சினார். பேசினார்கள். கூடவே சைகையும் சிரிப்பும் சேர்ந்து, அதுவும் புரிந்து தொலைத்தது.

மனைவியின் பக்கம் இன்னும் மோசம். வடக்குப் பெயின்டரும் தெற்கு எலக்ட்ரீஷியனும் ஒருவர் உச்சரிப்பை ஒருவர் கேலி செய்தபடியே கதையளந்தார்கள். அவள் நடுப்பகுதிக்காரரை இழுத்து வந்தாள். அவர் சொன்னது பாதிதான் விளங்கியது. அவள் முகம் மலர்வதற்குள் அவர் தாளில் எழுதிக் காட்டிவிட்டார். எழுத்து மூவருக்கும் ஒன்றுதானே.

"ரெண்டு கூட்டத்தையும் ஒரே ரூம்ல அடைங்க. எது முதல்ல வாயடைச்சுப் போகுதுன்னு பார்த்துடலாம்" என்றார் அரபு சார், விடாமல்.

அடைத்தார்கள். கதவில் காதை வைத்தால், ஐந்து பேரும் சுத்தமான உள்ளூர்த் தமிழில் மேலாளரின் தொப்பையைக் கிண்டல் செய்துகொண்டிருந்தார்கள்.

மேலாளர் கதவைத் திறந்தார். "இதை யாரு உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது?"

ஐந்து விரல்கள் காலி டம்ளர் எடுக்க வந்த கேன்டீன் அக்காவைக் காட்டின. மேலாளர் அவளைத் தனியே அழைத்து ஏதோ சொன்னார். அவள் தட்டை மேசையில் வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, அரபு சாருக்கும் அவர் மனைவிக்கும் முன்னால் நிமிர்ந்து நின்றாள்.

"நாளையிலிருந்து நீங்க ரெண்டு பேரும் என்கிட்டதான் லீவு கேக்கணும்."