காலியாகத் திரும்பாத பதினாலு டப்பாக்கள்

பெரிய காஞ்சிபுரம்,
ஞாயிற்றுக்கிழமை, மதியத் தொழுகைக்குப் பிறகு.

அன்பு மகள் லுப்னாவுக்கு அப்பா ஜான் பாஷா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். உனக்கும் மாப்பிள்ளை இம்ரானுக்கும் பேத்தி சானியாவுக்கும் அல்லாஹ் குறைவில்லாத உடம்பைத் தரட்டும். உங்கள் பதினோராவது மாடிக்கு லிஃப்ட் நிற்காமல் ஓடட்டும். இங்கே நான் நலம். என் நலத்தில் உனக்கு நம்பிக்கை இல்லாததால் இரண்டாம் முறையும் எழுதுகிறேன், நான் நலம்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் நீ முடித்துவைக்கிறாய், அதுவும் நான் நினைக்காத விதமாக. போன வாரம் "பக்கத்து வீட்டு அம்சவேணி ஒரு டப்பாவில்" என்று மட்டும்தான் சொன்னேன். "அப்பா, இன்னா சாப்ட்டீங்க, உண்மைய சொல்லுங்க" என்று பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் பேசி, "கிரில் பண்ணி சாப்பிட இஷ்டம் இல்லன்னா என் டப்பாங்களயாவது திருப்பி அனுப்பிடுங்க" என்று வைத்துவிட்டாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. முழுவதையும் படித்துத்தான் ஆகவேண்டும்.

முதலில் உன் நிபந்தனையை எழுதிவிடுகிறேன், பிறகு மாற்றிப் பேசக்கூடாது. மூன்று மாதத்துக்கு முன் லேபில் பார்த்தபோது என் மூன்று மாதச் சர்க்கரை எட்டு புள்ளி ஆறு. நீ உடனே கூரியரில் பதினாலு கண்ணாடி டப்பா, ஒரு கிரில் தவா, ஒரு கட்டு மூங்கில் குச்சி எல்லாம் அனுப்பினாய். ஒவ்வொரு ஞாயிறும் எண்ணெய் இல்லாமல் கோழியையும் காய்கறியையும் குச்சியில் கோத்துச் சுட்டு, டப்பாவில் போட்டு, பாதியை ஃபிரிட்ஜிலும் பாதியை ஃப்ரீசரிலும் அடுக்கி, பகலுக்கு ஒன்று ராத்திரிக்கு ஒன்று என்று வாரம் முழுக்க அதையே சாப்பிட வேண்டும். இதற்கு மீல் பிரெப் என்று பெயர். மூன்று மாதம் கழித்துச் சர்க்கரை ஏழுக்குக் கீழே வந்தால் நான் இந்த வீட்டிலேயே இருக்கலாம். வராவிட்டால் வீட்டைப் பூட்டிவிட்டுச் சென்னைக்கு உன் ஃபிளாட்டுக்கே வந்துவிட வேண்டும். "தனியா இருக்கிற மனுஷன், ஏன்னு கேக்க ஆள் இல்ல" என்று நீ சொன்ன காரணத்தை நான் மறக்கவில்லை. அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம்.

முதல் ஞாயிறு காலையில் ராஜாஜி மார்க்கெட்டுக்குப் போனேன். உன் பட்டியலில் சுகினி என்று ஒரு காய் இருந்ததே, அதை நான்கு கடையில் கேட்டேன். மூன்று பேர் என்னை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்கள். நான்காவது ஆள் வெள்ளரிக்காயை எடுத்துக் கொடுத்து, "இதான் பாய் அது, பெரிய ஓட்டல்ல அப்டி சொல்லுவாங்க" என்றான். கறிக்கடையில் தோல் வேண்டாம், எலும்பு வேண்டாம், நெஞ்சுக்கறி மட்டும் போதும் என்றதும் கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "வூட்ல யாருக்கு பாய் உடம்பு சரியில்ல" என்று விசாரித்தார். தயிர், எலுமிச்சை, மிளகு, பூண்டு, மஞ்சள் என்று நீ எழுதியபடியே கறியை ஊறவைத்தேன். குச்சியையும் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும் என்பது அடுத்த பக்கத்தில் இருந்தது, அதை நான் திருப்பவில்லை. தவாவில் சுடச் சொல்லியிருந்தாய். சுட்ட கோழி என்றால் கரியில்தான் சுட வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம். உன் அம்மாவின் கரி அடுப்பு மொட்டை மாடியில் சும்மா கிடந்தது. பற்றவைத்தேன். பத்து நிமிஷத்தில் முதலில் வைத்த குச்சியெல்லாம் எரிந்து, கோழியும் குடைமிளகாயும் தனித்தனியாக நெருப்பில் விழுந்து, ஏகாம்பரநாதர் கோபுரத்தை மறைக்கிற அளவுக்குப் புகை கிளம்பியது.

மூன்று பக்கத்துக் கைப்பிடிச் சுவரிலும் மூன்று தலைகள் எழுந்தன. இடது பக்கம் தறி நெய்கிற அம்சவேணி. "இன்னா பாய், வூட்ல விசேஷமா, ஒரு வார்த்த சொல்லவே இல்ல" என்றாள். பின்பக்கம் ரிட்டயரான கணக்கு வாத்தியார் முரளீதரன். "பாஷா, புகை ஜாஸ்தியா வர்றது, ஃபயர் சர்வீஸுக்குப் போன் பண்ணட்டுமா, நீரே பாத்துப்பீரா" என்றார். வலது பக்கம் கல்யாணங்களுக்கு பிரியாணி போடுகிற அயாஸ். அவன் மூக்கை உறிஞ்சிவிட்டு, நாற்காலியை எடுத்துக்கொண்டு சுவர் தாண்டி வந்துவிட்டான். அடுத்து அம்சவேணி வந்தாள். நான் மீதிக் குச்சிகளில் கோத்து வைத்திருந்ததைப் பார்த்து அவளுக்கு மனசு தாளவில்லை. "பச்சைக்குப் பக்கத்துல பச்ச வெப்பாங்களா பாய். முப்பது வருஷம் ஜரிகை வித்தவரு, கலர் தெரியலயே. ரெண்டு ஓரத்துக்கும் செவப்பு குடைமிளகா, அது பார்டரு. நடுவுல கறி, அது ஒடம்பு" என்று எல்லாவற்றையும் உருவி, மறுபடி கோத்து, நாற்பத்திரண்டு குச்சியும் அச்சு மாறாமல் செய்து வைத்தாள். அவள் சேலைக்குக்கூட அவ்வளவு நேரம் ஆகாது என்று அயாஸ் சொன்னான்.

இப்போது சொல், லுப்னா. மணம் போன வீட்டுக்குப் பங்கு போக வேண்டும் என்பது உன் அம்மா ரம்ஜான் பீ இந்த வீட்டில் வைத்துவிட்டுப் போன சட்டம். அவள் போய் நாலு வருஷம் ஆகிறது, நான் அதை ஒரு தடவையும் மீறியதில்லை, மீறினால் எனக்கு அவளிடம் முகம் இல்லை. அன்றைய புகையைக் கணக்கில் எடுத்தால் ஏழு வீடு. ஏழு வீட்டுக்கு இரண்டிரண்டு டப்பா. முரளீதரன் வீட்டில் வெளிச் சமையல் சாப்பிட மாட்டார்கள். அதனால் அவர்களுக்குப் புதுக் கத்தியில் நறுக்கி, கோழி படாமல், நெருப்பும் காட்டாமல் பச்சைக் காய்கறியை மட்டும் குச்சியில் கோத்து அனுப்பினேன். அவர் மனைவி ரமாமணி அம்மாள் அதை அழகாக இருக்கிறது என்று ஒரு மணி நேரம் மேஜையில் வைத்துப் பார்த்துவிட்டு, பிறகு உருவிக் கூட்டு செய்தாராம். ராத்திரிக்கு எனக்கு மிஞ்சியது ஒரு வெள்ளரித் துண்டு.

ஆனால் டப்பாக்கள் திரும்பி வந்தன. இந்தத் தெருவில் எந்தப் பாத்திரமும் காலியாகத் திரும்பாது என்பது நீ பிறந்து வளர்ந்த தெருவாதலால் உனக்கே தெரியும். அயாஸ் வீட்டு டப்பாவில் மட்டன் பிரியாணி வந்தது, மேலே ஒரு முட்டையோடு. அம்சவேணி கேசரி வைத்திருந்தாள். ரமாமணி அம்மாள் திரட்டுப்பால். மற்ற வீடுகளிலிருந்து வந்ததை எழுதினால் நீ கடிதத்தைக் கிழித்துவிடுவாய். எல்லாவற்றையும் ஃபிரிட்ஜில் அடுக்கி ஏழு நாளும் சாப்பிட்டேன். நீ கோபப்படாமல் யோசித்துப் பார். ஞாயிறன்று சமைத்தேன், டப்பாவில் போட்டேன், வாரம் முழுக்க டப்பாவைத் திறந்து சாப்பிட்டேன். நீ சொன்ன மீல் பிரெப்பில் எதை நான் விட்டேன் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

இருந்தாலும் உன் வார்த்தைக்கு மரியாதை கொடுத்து இரண்டாம் ஞாயிறு யாருக்கும் தெரியாமல் செய்வது என்று முடிவெடுத்தேன். மாடிக்குப் போகவில்லை. வாசல் கதவைத் தாழிட்டு, ஜன்னல் எல்லாம் மூடி, இடுக்குகளில் துணி வைத்து அடைத்து, உன் தவாவை அடுப்பில் ஏற்றினேன். மணம் வெளியே போகாவிட்டால் பங்கும் போக வேண்டியதில்லை, சட்டம் சட்டமாகவே இருக்கும். மணம் போகவில்லைதான். ஆனால் புகையும் போகவில்லை. எனக்குக் கண் தெரியவில்லை, இருமலில் வாசல் எந்தப் பக்கம் என்றும் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து வாசல் கதவு தாழ்ப்பாளோடு பெயர்ந்து உள்ளே விழுந்தது. கதவின் மேல் அயாஸ் இருந்தான். பின்னால் பி.பி. மிஷினோடு முரளீதரன், அவருக்குப் பின்னால் தறியிலிருந்து அப்படியே எழுந்து ஓடிவந்த அம்சவேணி. "ஞாயித்துக்கெழம மாடில புகையே காணோம், ஜன்னல் எல்லாம் மூடிக் கெடக்குது, கூப்ட்டா குரல் இல்ல. மனுஷன் இன்னா ஆனாரோன்னு நா நடுங்கிக்கினு வந்தா, நீ கோழி சுட்டுக்கினு கீற" என்று அவள் என்னைத் திட்டினாள். பாய் என்றுகூடச் சொல்லவில்லை. கதவை உடைத்து உள்ளே வந்தவர்களை வெறுங்கையோடு எப்படி அனுப்புவது. அன்றும் டப்பாக்கள் போயின, புதன்கிழமைக்குள் நிறைந்து வந்தன.

மூன்றாம் ஞாயிறு நான் கண்டிப்பாக இருந்தேன். டப்பா கொடுக்கும்போதே, டாக்டர் உத்தரவு, என் மகள் உத்தரவு, டப்பாவைக் கழுவிக் காலியாகத் திருப்பித் தர வேண்டும் என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டேன். அந்த வாரம் ஒரு டப்பாகூடத் திரும்பவில்லை. கேட்கப் போனால் அம்சவேணி தறியை விட்டுத் தலை நிமிரவில்லை. "காலி டப்பாவ எப்டி பாய் குடுக்கிறது. எங்க வூட்ல ஒண்ணும் இல்லன்னு சொல்ற மாதிரி ஆயிடும். இங்கயே இருக்கட்டும்" என்றாள். ரமாமணி அம்மாள் டப்பாக்களைத் துடைத்துப் பூஜை அறை அலமாரியில் வைத்திருந்தார். ஃபிரிட்ஜில் தண்ணீர் பாட்டில் தவிர ஒன்றும் இல்லை. அந்த வாரம் முழுக்கத் தெருவில் யாரும் என்னிடம் சரியாகப் பேசவில்லை, எனக்கு அது சர்க்கரையைவிடக் கஷ்டமாக இருந்தது.

கடைசியில் முரளீதரன்தான் அவர் வீட்டு வராந்தாவில் எல்லோரையும் உட்காரவைத்து, கிராஃப் பேப்பரில் கட்டம் போட்டு ஒரு டைம் டேபிள் எழுதினார். ஞாயிறன்று நான் கோழிக் குச்சியும் காய்க் குச்சியும் சுட்டு, அவர் வீட்டுக்கு மட்டும் சுடாத காய்க் குச்சியாக, ஏழு வீட்டுக்கும் கொடுக்க வேண்டியது. டப்பா நிறைந்தேதான் திரும்ப வேண்டியது. ஆனால் அதில் சர்க்கரை, வெல்லம், வெள்ளை அரிசி, நெய் கூடாது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நாள். திங்கள் அம்சவேணியின் முருங்கைக்கீரை, செவ்வாய் ரமாமணி அம்மாளின் வாழைப்பூ உசிலி, வெள்ளிக்கிழமை அயாஸின் சுட்ட கோழி. "எண்ணெய் இல்லாம சமைக்க சொல்ல கையே வர மாட்டேங்குது பாய், எங்க வாப்பா ஆவி என்ன சும்மா விடாது" என்று அவன் புலம்பிக்கொண்டேதான் செய்கிறான், என்னுடையதைவிட நன்றாகத்தான் இருக்கிறது. அது மட்டுமில்லை, விடிந்ததும் முரளீதரன் கதவைத் தட்டி சன்னதித் தெரு வரை என்னை நடக்கவைக்கிறார். டீக்கடையில் நான் நின்றால் அம்சவேணிக்குச் செய்தி போய்விடுகிறது.

நேற்று ரிப்போர்ட் வந்தது. ஏழு புள்ளி ஒன்று. ஏழுக்குக் கீழே என்றாய், ஒரு புள்ளி மேலே இருக்கிறது, நான் மறைக்கவில்லை. அந்த ஒரு புள்ளி முதல் வாரத்துத் திரட்டுப்பால், அதற்காக நான் வருத்தப்படப் போவதும் இல்லை. நிபந்தனைப்படி நான் தோற்றவன். இருந்தும் சொல்கிறேன், நான் வரமாட்டேன். ஏன் என்று கேட்க ஆள் இல்லை என்றாயே, ஒரு ஞாயிறு புகை வராததற்குக் கதவை உடைத்தார்கள். போன வருஷம் உன் ஃபிளாட்டில் பத்து நாள் இருந்தேன். எதிர்க் கதவில் நம்பர் இருந்தது, உள்ளே இருப்பவர் பெயர் உனக்கே தெரியவில்லை. இந்த வீட்டுக்குப் பூட்டு வாங்காதே. நான் வரமாட்டேன், இதுதான் முடிவு.

மாப்பிள்ளைக்கு என் துஆ. சானியாவின் தலையில் என் கையை வைத்ததாக நினைத்து நீ கையை வை. உனக்கு எந்தக் குறையும் வராமல் ரப்பு காப்பாற்றுவானாக.

இப்படிக்கு,
பிடிவாதக்கார அப்பா,
ஜான் பாஷா.

பி.கு.: உறையை ஒட்டிய பிறகு பிரித்து எழுதுகிறேன். மாப்பிள்ளை இப்போதுதான் போன் செய்தார். போன மாதம் அவர் வெளியூர் போயிருந்தபோது உனக்கும் சானியாவுக்கும் சேர்ந்தே காய்ச்சல் வந்து, ஒரு ரசம் கேட்க ஆள் இல்லாமல் மூன்று நாள் ரொட்டியைத் தின்றுகொண்டு கிடந்தாயாமே. என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்கவில்லை, நான் குறுக்கே பேசுவேன் என்று பயந்திருப்பாய். மேலே வரமாட்டேன் என்று எழுதிய இடங்களை எல்லாம் அடித்துவிட்டுப் படி. வீட்டுச் சாவி அம்சவேணியிடம் இருக்கும். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் பஸ் ஏறுகிறேன். டப்பாக்களைத் திருப்பிக் கேட்டாயே, அவை காலியாக வராது, பதினாலிலும் குச்சிகள் இருக்கும். உன் மாடியில் உன்னைத் தவிர ஆறு கதவு. எட்டு டப்பா உனக்கு, ஆறு அவர்களுக்கு. கோழி சாப்பிடாத வீடு இருந்தால் என்று அந்த ஆறில் இரண்டில் பச்சைக் காய் மட்டும் வைக்கிறேன். நீயும் என்னோடு வந்து ஒவ்வொரு கதவையும் தட்டிப் பெயர் கேட்க வேண்டும். அந்த ஆறில் ஒரு டப்பாவாவது நிறைந்து திரும்பி வரும் வரை நான் ஊருக்குத் திரும்பப் போவதில்லை.