வெண்டல் ஹாஸ்கினின் காலைப் பற்றி மச்சானுக்கு

போர்ட் ஹார்லன், ஓஹையோ
ஜூலை மாதம், செவ்வாய்க்கிழமை காலை

அன்புள்ள மச்சான் டெல்பர்ட்டுக்கு,

எம்மெட் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். என் முழங்கால் மட்டும் நலமில்லை. அது வெகுநாளாகவே என்னோடு பேச்சுவார்த்தை இல்லாமல் தனிக்குடித்தனம் நடத்துகிறது. அங்கே நீயும் மார்ஜியும் ஃப்ளோரிடா வெயிலில் வாடாமல் வதங்காமல் இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். நீ அன்போடு அனுப்பிய கிரேப்ஃப்ரூட் பெட்டி வந்து சேர்ந்தது. ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவன் அந்தப் பழத்தைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அனுப்பியது யார் என்று கேட்டார். மனைவியின் தம்பி என்றேன். "ஓ" என்றார். அந்த "ஓ"வை நான் கிளறவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். ஈஸ்டருக்கு நீ போன் செய்தபோது, வீட்டை விற்றுவிட்டு இலையுதிர் காலத்துக்குள் உங்கள் ஊருக்கே வந்துவிடுகிறேன், மைதானத்தில் என் இருக்கையையும் உன் அக்கா வில்மாவின் இருக்கையையும் விட்டுவிடுகிறேன் என்று நான் ஒத்துக்கொண்டது உண்மை. "அக்கா போயாச்சு. அவ நாற்காலிக்கு எதுக்கு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அவ கோட்டைப் போர்த்திட்டு உக்காந்திருக்கீங்க?" என்று நீ கேட்டதும் நியாயம்தான். ஆனால் அந்த வாக்கை இப்போது திரும்பப் பெறுகிறேன். நான் வர மாட்டேன். ஏன் என்று முழுதாகச் சொல்கிறேன். நடுவில் எழுந்துபோய் டிவி போடாதே.

நம் நாரைகள் பேஸ்பால் அணியின் முதல் பேஸ்காரன் மே மாதம் கல்யாணம் செய்துகொண்டு, மாமனாரின் டயர் கடையில் உட்கார்ந்துவிட்டான் என்பது உனக்குத் தெரிந்திருக்கும். அவனுக்குப் பதிலாக மேனேஜர் எங்கிருந்தோ வெண்டல் ஹாஸ்கின் என்று ஒருவரைப் பிடித்து வந்தார். முப்பதைத் தாண்டிய ஆள். எந்த அணியும் சீந்தாத ஆள். போன மாதம்வரை ஒரு மரக்கடையில் பலகை இறக்கிக்கொண்டிருந்தாராம். செய்தி வந்த அன்றே மைதானத்தில் முதல் பேஸை ஒட்டி நாங்கள் உட்காரும் பகுதி இரண்டாகப் பிளந்தது. பின்வரிசையில் உட்கார்ந்து என் காலருக்குள் கடலைத்தோல் போடுவாரே, சலூன் வைத்திருக்கும் கஸ் மாவ்ரோஸ், அவர் இது அணிக்கு நேர்ந்த அவமானம் என்றார். தபால் ஆபீஸில் ஓய்வு பெற்ற டார்லீன், அந்த மனிதர் இதுவரை ஆடிய ஊர்களையும் அடித்த அடிகளையும் மனப்பாடமாக ஒப்பித்து, இவரை இத்தனை நாள் யாரும் கவனிக்காததுதான் அவமானம் என்றாள். அடித்த அடியெல்லாம் இருக்கட்டும், காலைப் பார்த்தாயா என்று கஸ் கேட்டார். நான் கஸ் பக்கம். கால்தான் விவகாரம். முதல் பேஸில் நிற்பவனுக்கு வேறென்ன பெரிய வேலை? மற்றவர்கள் எறியும் பந்து கையுறைக்குள் வந்து விழும்வரை ஒரு கால் பேஸை, தரையில் பதித்த அந்தச் சின்னத் திண்டை, தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். வெண்டலுக்குப் பந்து வருவதற்கு முன்பே கால் கிளம்பிவிடும், ரயிலைப் பிடிக்கப் போகிறவன்போல. முதல் இரண்டு ஆட்டத்தில் அவருடைய காலால் நாம் தோற்றோம். "அவரு மரக்கடையிலேயே இருந்திருக்கலாம், பலகை ஓடிப்போகாது," என்று கஸ் சொன்னதற்கு நான் சிரித்த சிரிப்பில் பீர் மூக்கு வழியாக வந்தது.

மூன்றாவது ஆட்டத்திலிருந்து அவர் கால் நகரவில்லை.

ஆணி அடித்ததுபோல நின்றது மச்சான். எப்படி எறிந்தாலும், எவ்வளவு கோணலாக எறிந்தாலும் உடம்பு மட்டும் நீளும். கால் அங்கேயே இருக்கும். டார்லீன் தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்தாள். எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அந்த மனிதர் வேறொன்றும் செய்ய ஆரம்பித்தார். ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் நம் வரிசையைத் திரும்பிப் பார்ப்பார். தலையாட்டுவார். சிலசமயம் உதடு அசையும். ஒருநாள் வெயில் பளிச்சென்று அடிக்கும் மத்தியானத்தில், யாரோ கடிந்துகொண்டதுபோல முகம் சிவந்து, தொப்பியைக் கழற்றி, குனிந்து, மறுபடி போட்டுக்கொண்டார். எதிரணி ஆட்டக்காரர்கள் அவர் பக்கத்தில் நிற்கவே கூசினார்கள். முதல் பேஸுக்கு வந்து சேர்ந்தவன் அங்கே தங்காமல், அவுட் ஆனாலும் பரவாயில்லை என்று இரண்டாவது பேஸுக்கு ஓடுவதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

குடிக்கிறார் என்றார் கஸ். ஜெபம் செய்கிறார் என்றாள் டார்லீன். வெயில் நேரத்தில் குடித்துவிட்டு ஜெபம் செய்கிறார் என்று நான் சமரசம் பேசினேன். இருவருமே என்மேல் பாய்ந்தார்கள். கடைசியில், பைத்தியம் பிடித்த ஆளை அணியில் வைத்திருக்கக் கூடாது, அவரை அனுப்பிவிட வேண்டும் என்று அணியின் முதலாளிக்கு மனு எழுத முடிவாயிற்று. கஸ்ஸின் சலூனில் வைத்துக் கையெழுத்து. நானும் போடுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் மூடுபனி வந்தது.

நம் ஏரியின் பனி உனக்குத் தெரியும். ஆனால் இது அப்படி இல்லை. பட்டப்பகலில், வலதுபக்க வேலியைத் தாண்டி, நடந்து வருவதுபோல வந்தது. முதலில் வேலியோரம் நிற்பவர்கள் மறைந்தார்கள். பிறகு இரண்டாவது பேஸ். பிறகு எதிர்ப்பக்கக் கூட்டம் முழுதும். கூட்டம் மறைந்தால் சத்தமும் மறையுமா? மறைந்தது. ஆட்டத்தை நிறுத்தலாமா என்று நடுவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பந்து எறியப்பட்டுவிட்டது. மட்டையில் பட்ட சத்தம் கேட்டது. பந்து, இரண்டாவது பேஸுக்கு அருகே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் பக்கம் போயிருக்க வேண்டும். அவன் எடுத்து முதல் பேஸ் இருக்கும் திசையை உத்தேசமாக நினைத்து வீசியிருக்க வேண்டும். எங்களுக்கு எதுவும் தெரியவில்லை. எங்கள் கண்ணுக்குத் தெரிந்தது வெண்டல் ஹாஸ்கின் ஒருவர்தான். அவர் பந்து வரும் திசையைப் பார்க்கவே இல்லை, மச்சான். என் பக்கத்து இருக்கையைப் பார்த்தார். காது கொடுத்துக் கேட்கிறவன்போலத் தலையைச் சாய்த்தார். பிறகு பந்து எந்தப் பக்கத்திலிருந்து வரவேண்டுமோ அதற்கு நேர் எதிராக, தரையை ஒட்டிக் கையுறையை நீட்டினார். பந்து பனிக்குள்ளிருந்து வந்து அதற்குள் விழுந்தது.

யாரும் கைதட்டவில்லை. நடுவர் கிட்டே வந்து, குனிந்து, பனியைக் கையால் விலக்கி அவருடைய காலைத் தேடிப் பார்த்தார். கால் பேஸில் இருந்தது. கஸ் மென்றுகொண்டிருந்த கடலையை மெல்லாமல் வாயிலேயே வைத்திருந்தார். அந்த மனிதர் வாயை மூடி நான் பார்த்தது அதுவே முதல்முறை.

ஆட்டம் அத்தோடு நின்றுவிட்டது. நான் வண்டி நிறுத்தும் இடத்து வேலியருகே போய் நின்றேன். பயமாக இருந்தது, ஆனாலும் போனேன். பையைத் தூக்கிக்கொண்டு வெண்டல் வந்தார். பக்கத்தில் பார்த்தால் சாதுவான மனிதர். காதெல்லாம் வெயிலில் உரிந்திருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே தொப்பியைத் தொட்டார்.

"சார், உங்க பக்கத்துல உக்கார்றாங்களே, அந்த அம்மாகிட்ட ஒண்ணு சொல்லணும். அவங்க சொல்றதெல்லாம் சரிதான். நான் ஒத்துக்கறேன். ஆனா எங்கம்மா அடுத்த வாரம் ஆட்டம் பாக்க வர்றாங்க. அன்னைக்கு மட்டும் கொஞ்சம் மரியாதையா திட்டச் சொல்லுங்க."

என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன்.

"அந்தக் கால் உன்னுதா, இல்ல வாடகைக்கு எடுத்ததான்னு கேக்கறாங்க."

டெல்பர்ட், அந்தக் கேள்வியை உலகத்தில் முதன்முதலாக வாங்கியவன் நீ. உங்கள் வீட்டுக் கொட்டகைக்குப் பின்னால் உனக்குப் பந்து பிடிக்கக் கற்றுக்கொடுத்தபோது உன் அக்கா கேட்டது. கல்யாணத்தில் நடனமாடும்போது என்னிடமும் கேட்டாள். வேறு யாருக்கும் தெரியாது. மைதானத்தில்கூட அவள் அதைச் சொன்னதில்லை. வீட்டாருக்கு மட்டும் வைத்திருந்த வசவு அது.

நான் வேலியைப் பிடித்துக்கொண்டேன். அவளைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன். சரியாகப் பார்த்ததில்லை, கோட்டு மட்டும்தான் தெரியும் என்றார். பிறகு பையைக் கீழே வைத்தார்.

"அவங்களுக்கு உடம்பு சரியில்லையா சார்? குரல் ஒரு மாதிரி ஈரமா இருக்கு. அதோட இன்னைக்கு ரொம்பக் கிட்டத்துலேருந்து கேட்டுச்சு."

"நாற்காலியிலேருந்துதானே?"

"இல்ல சார். பேஸுக்குப் பக்கத்துல. என் தோளுக்கு நேரா."

அவள் இறந்துவிட்டாள் என்று நான் அவரிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? அடுத்த வாரம் மரியாதையாகத் திட்டச் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னேன். நன்றி சொல்லிவிட்டுப் போனார். அவருடைய அம்மா வந்த அன்று அவர் ஒருமுறைகூடத் தலைகுனியவில்லை. இரண்டு தரம் புன்னகைத்தார். நான் என் பக்கத்து இருக்கையிடம் உண்மையிலேயே கேட்டுக்கொண்டேனா என்று நீ கேட்காதே.

சலூனுக்குப் போய் மனுவில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். கட்சி மாறிவிட்டேன், டார்லீனிடம் விலைபோய்விட்டேன் என்று கஸ் கத்துவார் என எதிர்பார்த்தேன். அவர் ஒரு தலையை அரைகுறையாகச் சிரைத்தபடி நிறுத்திவிட்டு, கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "ஆள் உக்காரலன்னா தானா மடங்கிக்கிற நாற்காலி அது. பனி வந்த அன்னைக்கு வில்மா நாற்காலி மடங்காம விரிஞ்சே இருந்துச்சு எம்மெட். கோட்டுக்கு அவ்வளவு கனம் கிடையாது," என்றார். மனுவைக் கிழித்துக் குப்பையில் போட்டார். முடிவெட்ட உட்கார்ந்திருந்தவர் மட்டும் தன் பாதித் தலையைப் பற்றி மெதுவாக விசாரித்தார்.

இதில் எனக்குள்ள குறை என்ன தெரியுமா? எனக்குக் கேட்கவில்லை. வாழ்நாள் முழுதும் அவள் கத்தியது என் இடது காதில். அந்தக் காது போனதே அவளால்தான் என்று டாக்டரிடம் அவள் எதிரிலேயே புகார் சொல்லியிருக்கிறேன். இப்போது அந்தக் காதை அவள் பக்கமே திருப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். காதுக் கருவியை முழுச் சத்தத்தில் வைத்தேன். கஸ் கடலை உடைப்பது இடிவிழுவதுபோலக் கேட்டது. அவ்வளவுதான். பலகை இறக்கிக்கொண்டிருந்த ஒருவரிடம் போய்ப் பேசுகிறாள், கட்டினவனிடம் ஒரு வார்த்தை இல்லை. கோபமாகத்தான் இருக்கிறது. ஆனால் கோபப்பட்டுக்கொண்டு எழுந்து ஃப்ளோரிடாவுக்கு வந்துவிட முடியுமா? நான் போன அன்று அவள் திரும்பிப் பார்த்து, அந்தப் பக்கம் ஆளில்லை என்றால்?

ஆகவே வீடு விற்பனைக்கில்லை. இருக்கைகளும் அப்படியே இருக்கும். நீதான் கிளம்பி வர வேண்டும். கூடப் பிறந்தவன் நீ. உனக்கு ஒருவேளை கேட்கும். ஞாயிறு மத்தியான ஆட்டத்துக்கு வா. என் இருக்கையை உனக்குத் தருகிறேன், நான் படியில் உட்கார்ந்துகொள்கிறேன். அவள் ஏதாவது சொன்னால் அப்படியே, ஒரு வார்த்தை மாற்றாமல், என்னிடம் சொல். என்னைப் பற்றியதாக இருந்தால் திட்டாக இருந்தாலும் பரவாயில்லை.

மார்ஜிக்கு என் அன்பு. உன் சர்க்கரை அடங்கியிருக்கவும், உங்கள் ஊர்ப் புயல்கள் பக்கத்துத் தெருவோடு திரும்பிப் போகவும், நீ அனுப்பப்போகும் அடுத்த பெட்டியில் பழம் வேறாக இருக்கவும் வேண்டி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அக்காள் கணவன்
எம்மெட் சோகோல்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் டார்லீன் வந்தாள். வெண்டல் ஹாஸ்கினை உங்கள் ஊர் அணி எடுத்துக்கொண்டுவிட்டதாம். பெரிய அணி, கடைசியில் யாரோ கவனித்துவிட்டார்கள். அவர் நேற்றே கிளம்பிவிட்டார். வில்மாவும் கூடவே போய்விட்டாள், எனக்கு இனி இங்கே என்ன வேலை என்று பெட்டியைக் கட்டிவிட்டேன். மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிடு, நான் வருகிறேன் என்று எழுதத்தான் பேனாவை மறுபடி எடுத்தேன். அதற்கு முன் கடைசியாக ஓர் ஆட்டம் பார்த்துவிடலாமென்று இன்று மத்தியானம் போனேன். முதல் பேஸில் புதிதாக ஒரு தடியன், பெயர்கூடத் தெரியாது. முதல் பந்திலேயே காலை எடுத்துவிட்டான். உடனே திடுக்கிட்டுத் தன் தோளுக்குப் பின்னால் பார்த்தான். பிறகு என் பக்கம் திரும்பி, தொப்பியைக் கழற்றி, "மன்னிச்சுக்கங்கம்மா," என்றான். அதனால் இப்போதைக்கு நீயும் வராதே, நானும் வரவில்லை. நீ செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. அங்கே வெண்டல் ஆடும்போது அவர் காலைப் பார். நகர்ந்தால் சந்தோஷம், வில்மா என்னோடு இருக்கிறாள். நகராமல் நின்றால் உடனே எனக்குத் தந்திபோல ஒரு வரி எழுது. அப்படியானால் இங்கே என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது யார் என்று நான் விசாரிக்க வேண்டியிருக்கும்.