பிறவுணியின் தவக்காலம்

மன்னார்க் கரையில் நாய்க்கு வைத்தியம் சொல்ல என்னை விட்டால் ஆளில்லை. சும்மா சொன்னேன். நான் கொடுத்த மருந்தைக் குடித்து ஒரு பூனைகூடச் சுகப்பட்டதில்லை. அந்தப் பேர் தவசி அண்ணைக்கே உரியது. உலகத்திலேயே ஒரு நாயை இறைச்சி விலக்கிச் சுத்தபோசனத்தில் இருத்திய ஒரே மனிதர் அவர்தான்.

அண்ணை வங்காலையில் படகு இஞ்சின் திருத்துகிறவர். தவக்காலம் தொடங்கினால் உயிர்த்த ஞாயிறு வரைக்கும் அவர் வீட்டுக்குள் இறைச்சி வராது, மீன் மட்டும்தான். பல வீடுகளில் உள்ள வழக்கம்தான். ஆனால் அண்ணை அதோடு நிற்கமாட்டார், அடுத்த வீட்டுச் சட்டியையும் மணந்து பார்ப்பார். ஒருமுறை பூசை முடிந்து வரும்போது, "என்னடா சூசை, வாயில மட்டன் ரோல்ஸ் மணக்குது?" என்று சனத்துக்கு முன்னால் என்னைக் கேட்டார். அன்றைக்கு நான் வைத்த பேர்தான் தவசி.

அவருடைய செல்ல நாய் பிறவுணி. "சோறு போடாதேங்கோ அப்பா, பையில வாற சாப்பாடுதான் சத்து" என்று கனடாவிலிருக்கும் மகள் சொல்ல, மன்னார் ரவுணில் பை வாங்கிப் பேணியால் அளந்து போட்டார். நானும் ஒன்று கடித்துப் பார்த்தேன். உப்புக் காணாது.

சில மாதத்தில் பிறவுணி சொறியத் தொடங்கியது. காது சிவந்தது, முதுகு மயிர் கொட்டியது. அண்ணை வேப்பெண்ணெய் பூசினார். நாய் கிறீஸ் போட்ட இஞ்சின்போல மினுங்கியதே தவிர, சொறி நிற்கவில்லை. "சத்துக் காணாது போல" என்று இன்னொரு பேணி கூடப் போட்டார்.

அவர் மனைவி பிலோ அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. "உயிர்த்த ஞாயிறுப் பெருநாளுக்கு மகள் கைக்குழந்தையோட வாறாள். அதுக்கிடையில இதுக்குச் சொறி மாறாட்டி, எங்கயாவது தூரக் கொண்டுபோய் விட்டிட்டு வாங்கோ."

அண்ணை கழற்றிய இஞ்சினைத் திருத்தாமலே திரும்பப் பூட்டினார்.

விபூதிப் புதன் வந்தது. நெற்றியில் சாம்பலோடு அண்ணை பையைத் தூக்கி வந்தார்.

"சூசை, இதில என்ன போட்டிருக்கெண்டு வாசி."

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். இங்கிலிசு எழுத்துக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்லை. படத்தை வாசித்தேன். "கோழி, அண்ணை."

"கோழியோ? தவக்காலத்தில என்ர வீட்டில கோழியோ!"

பை அலுமாரிக்குள் பூட்டுப்பட்டது. பிறவுணிக்கு அவித்த மீனும் சோறும்.

"அண்ணை, நாய் எப்ப ஞானஸ்நானம் எடுத்தது?"

"நீ எடுத்து என்னத்தைக் கண்டம்? பொத்திக்கொண்டு முள்ளெடு."

முதலில் பிறவுணி சட்டியை மணந்துவிட்டு, அலுமாரிக்கு முன்னால் போய் நேர்த்திக்கு வந்தவர்போலக் கிடந்தது. பிறகு பசி வென்றது. குருத்தோலை ஞாயிறு வரமுன்னமே சொறியல் குறைந்து, முதுகில் பூனைமயிர் அரும்பியது. அந்தோனியாரின் புதுமை என்றார் அக்கா. ஒருசந்தி விரதத்தின் பலன் என்றார் அண்ணை.

மிருக வைத்தியரிடம் கொண்டுபோனோம். கதையைக் கேட்டு அவர் சிரிக்கவேயில்லை. "சில நாய்க்குக் கோழி ஒத்துவராது. இதுக்கும் அப்பிடித்தான் போல. பைச் சாப்பாடெல்லாம் கூடாதெண்டில்லை, கன நாய் அதிலதான் நல்லா இருக்கு. வெறும் மீனும் சோறும் நெடுகப் போட்டா சத்துக் காணாது. கோழி சேராத பை ஒண்டு எழுதித் தாறன். கோழி மட்டும் இனி வேண்டாம்."

"எப்ப வரைக்கும் ஐயா?"

"சாகும் வரைக்கும்."

உயிர்த்த ஞாயிறு. மகள் வந்திருந்தாள். பிறவுணி மேசைக்குக் கீழே கிடக்க, குழந்தை அதன் புது மயிரைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. அக்கா கோழிக்கறி வைத்தார். அண்ணை சட்டியை என் பக்கம் தள்ளினார்.

"பெருநாள் அண்ணை. தவக்காலம் முடிஞ்சுது, சாப்பிடுங்கோ."

"எங்களுக்கு முடிஞ்சுது. அதுக்கு?" மேசைக்குக் கீழே பார்த்தார். "வாயில்லாச் சீவன். தனிய விரதம் இருக்க விடேலுமே?"

அன்றிலிருந்து மனிதர் கோழி தொடுவதில்லை. ஆட்டிறைச்சியைக் கண்டால் தவசி என்ற பேரையே மறந்துவிடுவார், அது வேறு. போன கிழமை ஒரு கலியாண வீட்டில் பாருங்கள், பந்தியில் அண்ணைக்குப் பக்கத்தில்...

"டேய் சூசை! எழுதினது காணும். பிறவுணியைக் குளிப்பாட்டவேணும், ஓடிவந்து பிடி!"

வேலிக்கு மேலால் கூப்பிடுகிறார். நான் போகாவிட்டால் நாயைவிட அவர்தான் கூட நனைவார். ஏற்கெனவே இருமுகிறார்.